உழாத நிலமும் சக்கரத் தடமும்

மலைச்சாலை போடப்படுவதற்கு முன்னர், பெரியகுளத்துப் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகச் செல்லும் குதிரைப் பாதையில்தான் ஏறினார்கள். அத்தகைய பழம்பாதைகளில் நடந்து பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி புலப்படும். பாதையின் இரு மருங்கிலும் செடியும் கொடியும் செழித்து நிற்கின்றன. பாதையிலோ புல் முளைப்பதில்லை. மழை பெய்தால் இரு புறத்து மண்ணும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பாதை மட்டும் ஓடையாகிவிடுகிறது. மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று. மிதிபட்டதும் மிதிபடாததுமே வேற்றுமை.

அந்தக் குதிரைப் பாதை இப்போது நம் வயல்களுக்குள் வந்துவிட்டது. பழனி மலை அடிவாரத்தில் நெல் அறுக்கப் பெரிய யந்திரங்கள் இறங்குகின்றன. மலைமேல் மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை போன்ற ஊர்களின் படிக்கட்டு நிலங்களில் பவர் டில்லர்கள் ஓடுகின்றன. ஆள் கிடைக்காத காலத்தில் யந்திரம் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது, நாமும் சொல்லவில்லை. ஆனால் யந்திரம் நிலத்தில் எந்த வழியாகப் போகவேண்டும் என்பதை விவசாயி தீர்மானிக்கிறாரா, ஓட்டுநர் தீர்மானிக்கிறாரா என்று கேட்டால், பெரும்பாலும் ஓட்டுநரே தீர்மானிக்கிறார். உழாமல் விதைக்கும் முறையை மேற்கொள்ள விரும்பும் விவசாயிகளுக்கு இது சிறு விஷயம் அன்று.

நல்ல மேல்மண்ணை ஒரு பிடி எடுத்துக்கொண்டால், அதில் பாதி அளவே மண். மற்றொரு பாதி வெற்றிடம். அதில் காற்றும் நீரும் தங்குகின்றன. மண்புழு குடைந்த வழிகளும், மக்கிப்போன பழைய வேர்களின் துளைகளும் இந்த வெற்றிடத்தைச் சேர்ந்தவை. பாரம் ஏறும்போது முதலில் நசுங்குபவை இந்தப் பெரிய துளைகளே. ஒரு கன சென்டிமீட்டர் உலர்ந்த மண் 1.2 அல்லது 1.3 கிராம் இருந்தால் வேர் தாராளமாக ஓடும். வண்டல் கலந்த மண்ணில் அது 1.6 கிராமுக்கு மேல் போனால் வேர் திணறத் தொடங்கும். மேல்மலையின் மட்கு நிறைந்த கருமண் இன்னும் இலேசானது. இலேசாக இருப்பதனாலேயே அது எளிதில் நசுங்குகிறது.

உழுகிற நிலத்தில் இந்த இறுக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சக்கரம் போன தடத்தை அடுத்த உழவு கலைத்து மூடிவிடுகிறது. மேலே மண் பொலபொலவென்று இருக்கும். கலப்பை எட்டாத ஆழத்தில் கெட்டியான படுகை ஆண்டுக்கு ஆண்டு தடித்துக்கொண்டே வரும். உழாத நிலத்தில் அந்த மறைவுக்கு இடமில்லை. இந்த ஆண்டு பதிந்த தடம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். மண்புழுவும் வேரும் மெல்ல மெல்ல அதைத் தளர்த்தக்கூடும். அதற்குள் மற்றொரு சக்கரம் மற்றோர் இடத்தில் ஏறிவிட்டால் அந்த உழைப்பு வீணாகிவிடுகிறது.

இதை நாம் நூலில் படித்துத் தெரிந்துகொண்டோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. சில ஆண்டுகளுக்கு முன், அடிவாரத்துக் கிராமம் ஒன்றில், நெல் அறுத்த தாளில் உழாமல் உளுந்து விதைக்கும் செய்முறை விளக்கம் ஒன்றுக்கு நாம் ஏற்பாடு செய்தோம். விதை, விதை நேர்த்தி, இலைவழி உரம் எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டிருந்தோம். அறுவடைக்கு இரண்டு நாள் முன்னதாக மழை பெய்தது. யந்திரம் வேறு ஊருக்குப் போகவேண்டிய அவசரத்தில் இருந்தது, ஈரத்திலேயே இறங்கிற்று. நெல்லை ஏற்றிக்கொள்ள டிராக்டரும் டிரெய்லரும் வயலின் நடுவுக்கே வந்தன. நாம் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை. உளுந்து முளைத்தபோது, தடம் விழாத இடமெல்லாம் பச்சைக் கம்பளம். தடம் விழுந்த இடமெல்லாம் நீர் தேங்கிப் பயிர் மஞ்சளித்து நின்றது. மேலே நின்று பார்த்தால் சக்கரம் எங்கே திரும்பிற்று என்பதைப் பயிரைக் கொண்டே வரைந்து காட்டலாம். வந்து பார்த்த விவசாயிகள், “உழாததால் வந்த வினை” என்றார்கள். நாமும் ஓரிரு நாட்கள் அப்படியே நினைத்தோம். வயதான விவசாயி ஒருவர்தாம் மண்வெட்டியால் இரண்டு இடத்தில் வெட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் வேர் நேராக இறங்கியிருந்தது. தடத்தில் நான்கு விரற்கடை இறங்கிப் படுக்கையாக மடங்கியிருந்தது. உழாததைக் குற்றம் சொல்வதற்கில்லை என்று அப்போது தெளிந்தோம். அதற்குள் அவ்வூரில் உழவில்லா முறையின் பெயர் கெட்டுவிட்டது. அடுத்த ஆண்டு அதை ஏற்க ஒருவரும் முன்வரவில்லை.

உழாமல் பயறு விதைப்பது நமக்குப் புதியதன்று. காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன், நிலத்தில் மெழுகுப் பதம் இருக்கும்போதே உளுந்தையும் பச்சைப் பயறையும் நின்ற நெல்லுக்குள் வீசி விதைப்பது நெடுநாளைய வழக்கம். ஹெக்டேருக்கு 30 கிலோ விதை. நெல் தரிசுக்கென்றே ஆடுதுறை 3 போன்ற இரகங்கள் உண்டு. பூக்கும் தருணத்திலும் பதினைந்து நாள் கழித்தும் இரண்டு சத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது வழக்கமான சிபாரிசு. இந்த முறை அரிவாள் அறுவடைக்கு ஏற்ப அமைந்தது. அரிவாளோடு இறங்கும் ஆள் நாற்றின்மேல் மிதித்தாலும் அது நிமிர்ந்துகொள்ளும். மூன்று டன் யந்திரம் ஏறினால் நிமிராது. மேலும், பயறு முளைக்க ஈரம் வேண்டும். யந்திரம் இறங்க நிலம் உலரவேண்டும். யந்திரக் காலத்து விவசாயிக்கு ஏற்பட்டுள்ள உண்மையான சங்கடம் இதுவே.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நெல்லுக்குச் சேறு அடிப்பதன் நோக்கங்களில் ஒன்று, நீர் கீழே இறங்காதபடி அடியில் ஒரு கெட்டிப் படுகையை உண்டாக்குவதாகும். நெல்லுக்கு அப்படுகை நண்பன். பின்னர் வரும் பயறுக்கோ அப்படுகைக்கு மேலுள்ள சாண் அளவு மண்ணே வீடு. அந்த ஒரு சாணையும் யந்திரம் நசுக்கிவிட்டால் பயறுக்குப் போக்கிடம் இல்லை.

சக்கரத்தின் பாரம் மண்ணில் வேலை செய்யும் விதத்தைச் சற்று விளக்குவது பயன்தரும். மேல் மண்ணின் இறுக்கம், சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மேலும் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதைப் பொறுத்தது. டயரில் காற்றைக் குறைத்தால், அல்லது சக்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டை இருந்தால், இந்தப் பாரம் பரவிக் குறையும். ஆழத்து இறுக்கமோ ஓர் அச்சின்மேல் ஏறும் மொத்த எடையைப் பொறுத்தது. டயரை எவ்வளவு அகலமாக்கினாலும் அது முழுவதும் தீராது. மாட்டின் குளம்பு கூர்மையாக அழுத்தினாலும் ஆழத்துக்குப் போகாததற்குக் காரணம், மாட்டின் மொத்த எடை சில நூறு கிலோவுக்குள் இருப்பதே. இவ்வகையில் மிகவும் கெடுதல் செய்வது அறுவடை யந்திரமன்று. நெல் மூட்டை நிறைந்த டிரெய்லர்தான். சாலைக்கேற்பக் கல்லைப்போல் காற்றடித்த குறுகிய டயர்களின் மேல் பல டன் பாரத்தோடு அது ஈர நிலத்தில் ஏறுகிறது.

இவற்றைக் காட்டிலும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு. ஒரே இடத்தில் சக்கரம் பலமுறை போனால் உண்டாகும் மொத்த இறுக்கத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு முதல் முறையிலேயே உண்டாகிவிடுகிறது. இரண்டாம், மூன்றாம் முறைகள் கூட்டுவது சொற்பம். ஆகையால் “ஒரே தடத்தில் போனால் அந்த இடம் கெட்டுவிடும், பரவலாக ஓட்டு” என்று நாம் வழக்கமாகச் சொல்வது தலைகீழான யோசனை. பரவலாக ஓட்டினால் நிலம் முழுவதும் முக்கால் பங்கு கெடும். ஒரே தடத்தில் ஓட்டினால் தடம் மட்டும் கெடும். எஞ்சிய நிலம் தப்பும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் 1990-ஆம் ஆண்டுகளில் இந்த யோசனை வயல்வெளிக்கு வந்தது. அங்கே காட்டன் என்ற ஊரில் ஜெஃப் டல்பர்க் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், எல்லா யந்திரங்களின் சக்கர இடைவெளியையும் ஒன்றாக்கி, ஆண்டுதோறும் அதே தடத்தில் ஓட்டும் முறையை விவசாயிகளிடையே பரப்பினார்கள். மூன்று மீட்டர் சக்கர இடைவெளி அங்குப் பரவலான அளவாயிற்று. உழாத முறையோடு இதைச் சேர்த்தவர்களின் நிலத்தில் சக்கரம் படும் பரப்பு பத்திலிருந்து பதினைந்து சதமாகக் குறைந்தது. அவர்களது பண்ணைகள் நம் பிர்க்கா அளவு விரிந்தவை. செயற்கைக்கோளின் வழிகாட்டுதலில் யந்திரம் நூல் பிடித்தாற்போல் போகும். நமக்கு அது தேவையில்லை. வரப்பில் இரண்டு கல் நட்டு, அவற்றுக்கு நேராக ஓட்டச் சொன்னால் போதும்.

அடிவாரத்தில் இது எப்படி நடைபெறலாம் என்று பார்ப்போம். ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டிப் பக்கத்து மக்காச்சோள நிலங்களில் வழி எளிது. டிராக்டரின் ஒரு பின் சக்கர மையத்துக்கும் மறு சக்கர மையத்துக்கும் ஒன்றரை மீட்டர் இருக்குமாறு அமைத்துக்கொள்ளலாம். டயரின் அகலம் சுமார் 30 செ.மீ. அடுத்தடுத்த பாத்திகள் நடுவிலுள்ள தடத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 150 செ.மீ. அகலத்திலும் 30 செ.மீ. தடம், 120 செ.மீ. மிதிபடாத மண். ஐந்தில் ஒரு பங்கு தடத்துக்குப் போகிறது. நிலம் வீணாகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். வழியில்லாமல் ஓட்டினால் ஒரே பருவத்தில் பாதிக்கு மேற்பட்ட நிலம் மிதிபடுகிறது; ஐந்தில் ஒன்றை அறிந்து கொடுத்து நான்கைக் காப்பதா, அறியாமலே பாதியைக் கொடுப்பதா என்பதே கேள்வி. தடத்தில் விதை போடாவிட்டாலும் அதன் இரு ஓரத்துச் செடிகள் வெளிச்சத்தையும் இடத்தையும் பெற்றுத் தழைக்கின்றன.

நெல் நிலத்தில் கணக்கு வேறு. பெல்ட் வண்டி என்று நாம் சொல்லும் சங்கிலிப் பட்டை யந்திரம் சுமார் இரண்டு மீட்டர் அகலம் அறுக்கிறது. அதன் பட்டை ஒவ்வொன்றும் சுமார் 45 செ.மீ. ஆக, 200 செ.மீ. அகலத்தில் 90 செ.மீ. மிதிபட்டே தீரும். இதை முழுதும் தவிர்க்க வழியில்லை. இதற்குமேல் மிதிபடாமல் காப்பதுதான் நம் கையில் இருக்கிறது. யந்திரம் வயலின் நீளவாட்டில் மட்டுமே ஓடவேண்டும். திரும்புவது வரப்போரத்து ஒரு பட்டையில் மட்டும் நிகழவேண்டும். அப்பட்டையில் பயறை எதிர்பார்க்க வேண்டாம். தானியத் தொட்டி நிறையும் வரை காத்திராமல், வரப்புக்கு வரும்போதெல்லாம் கொட்டிவிடவேண்டும். டிரெய்லர் எக்காரணத்தைக் கொண்டும் வரப்பைத் தாண்டலாகாது. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலும் பாதிச் சேதம் குறையும் என்பது நம் மதிப்பீடு. அறுவடைக்குப் பின், மீதமுள்ள ஈரத்தில் மிதிபடாத பட்டைகளில் மட்டும் வரிசையாக விதை ஊன்றலாம். நின்ற நெல்லில் வீசிவிட்டு அதன்மேல் யந்திரத்தை ஏற்றுவதைவிட இது மேல். அடுத்த நெல்லுக்குச் சேறு அடிக்கும்போது இத்தடங்கள் அழிந்துவிடும். ஆகையால் நெல் நிலத்தில் இவை ஒரு பருவத்துத் தடங்களே.

மேலே மலைக்குச் செல்வோம். உருளைக்கிழங்கையும் கேரட்டையும் தோண்டாமல் எடுக்க முடியாது. ஆதலால் மேல்மலையில் முழுமையான உழவில்லா விவசாயம் என்று பேசுவது பொருந்தாது. ஆனால் பீன்ஸ், பட்டாணி, முட்டைகோசு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் ரோட்டரியைப் போட்டு மண்ணைப் பொடியாக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ரோட்டரியின் கத்தி எட்டும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே மண் தேய்ந்து தேய்ந்து ஒரு தகடு போலாகிவிடுகிறது. கேரட் பயிரிடுபவர்களுக்கு அதன் பலன் தெரியும்: தகட்டைத் தொட்ட கிழங்கு இரண்டாகக் கவைத்துக்கொள்கிறது, சந்தையில் அதைத் தனியாக ஒதுக்குகிறார்கள்.

படிக்கட்டு நிலத்தில் நாம் சொல்வது நிலைப்பாத்தியும் நிலைவழியும். ஒரு மீட்டர் அகலப் பாத்தி, 40 செ.மீ. வழி. பாத்தியின்மேல் காலும் படக்கூடாது, சக்கரமும் படக்கூடாது. எருவும் விளைச்சலும் வழியாகவே தள்ளுவண்டியில் போகவேண்டும். பவர் டில்லரின் டிரெய்லர் படியின் ஒரு கோடியில் நிற்கவேண்டும். கிழங்கு தோண்டும் பருவத்திலும் பாத்திக்குள்ளேயே தோண்டி, வழியை அப்படியே விட்டுவிடவேண்டும். வழிகள் படியின் நீளவாட்டில், சரிவுக்குக் குறுக்காக, மிகச் சிறிய வாட்டத்தோடு அமைந்து, புல் வளர்ந்த வடிகாலில் போய் முடியவேண்டும். சரிவோடு நேர்கீழாகப் போகும் சக்கரத் தடம் மலையில் மிகவும் ஆபத்தானது. ஒரு ஐப்பசி மழையில் அது ஓடையாகும், இரண்டு மழையில் படியின் கல்கட்டைச் சரித்துவிடும்.

மலைமண்ணைப் பற்றி மற்றொரு குறிப்பு. சமவெளிக் கரிசல் கோடையில் வெடித்து, மழையில் விரிந்து, தன் இறுக்கத்தைத் தானே ஓரளவு தளர்த்திக்கொள்கிறது. குளிர்நாடுகளில் நிலம் ஆழத்துக்கு உறைந்து உருகுவதால் அவ்விதம் நடக்கிறது. நம் மலையின் செம்மண் அப்படி விரிந்து சுருங்குவதன்று. மார்கழி, தை மாதத்து உறைபனியோ புல் நுனியோடு நின்றுவிடும், மண்ணுக்குள் இறங்குவதில்லை. ஆகவே மலையில் ஒருமுறை இறுகிய மண் தானாகத் தளரும் என்று காத்திருப்பதற்கில்லை.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பகுதிகளின் காப்பி, மிளகு, மலைவாழைத் தோட்டங்கள் இயல்பாகவே உழாத நிலங்கள். அங்கே ஜீப்பும் பிக்கப் வண்டியும் மரத்தடி வரை வருவதை நிறுத்தினாலே போதும்.

யந்திரத்தோடு மண்ணும் பயணம் செய்கிறது என்பதை இடையில் சொல்லிவிடுகிறோம். 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு கொடைக்கானல் மலையிலும் உண்டு. ஒருவர் நிலத்துச் சேறு ஒட்டிய சக்கரம் அடுத்தவர் நிலத்தில் ஏறும்போது அதுவும் உடன் ஏறுகிறது. வாடகை டில்லர் நிலத்தில் இறங்குமுன் சக்கரத்தைக் கழுவச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

நிலம் யந்திரத்துக்குத் தயாரா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. ஒரு சாண் ஆழத்திலிருந்து சிறிது மண் எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திரிபோல் உருட்டிப் பாருங்கள். பென்சிலைவிட மெல்லிய திரியாக உடையாமல் நீண்டால் மண் ஈரம், யந்திரம் இறங்கலாகாது. உருட்டும்போதே உடைந்து நொறுங்கினால் இறங்கலாம். இரு பக்கமும் திறந்த தகரக் குழாய்கள் இரண்டை எடுத்து, ஒன்றைத் தடத்திலும் ஒன்றைத் தடமில்லா இடத்திலும் சிறிது அழுத்தி, இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றிக் கடிகாரத்தைப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். நம் செய்முறை விளக்கங்களில் இந்த ஒரு காட்சியே நீண்ட சொற்பொழிவைவிடப் பயன்பட்டிருக்கிறது.

ஏற்கெனவே அடியில் தகடு விழுந்த நிலத்தில் தடம் வகுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கோடையில் மண் நன்கு உலர்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டருக்கு ஒரு கோடாக ஆழக் கீறவேண்டும். ஈரத்தில் கீறினால் மண் பிளவாது, வழுக்கி மெழுகும். மலைப் படிகளில் கடப்பாறையும் கவை மண்வெட்டியும்தான். அதன் பின் சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற ஆழ வேர்ப் பயிரொன்றை விதைத்தால் கீறிய பிளவை வேர் பிடித்து வைத்துக்கொள்ளும். தடத்தை வகுப்பது அதன் பிறகே. வரிசை மாறினால் செலவழித்த பணம் அடுத்த அறுவடை யந்திரத்தின் கீழ் நசுங்கிவிடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தனி விவசாயி தம் நிலத்துக்குள் கல் நடலாம். ஆனால் யந்திரம் அவர் நிலத்துக்கு வருவதற்கு முன் நான்கு பேர் நிலத்தைக் கடக்கிறது. டிரெய்லர் நிற்க இடமில்லை என்பதாலேயே அது வயலுக்குள் வருகிறது. களத்து மேட்டிலோ வண்டிப்பாதை ஓரத்திலோ பொதுவாக ஓர் இடம் ஒதுக்கி, அங்கே நெல் கொட்ட வழிசெய்தால் பத்து வயல்கள் தப்பும். ஒரு மடையின்கீழ் உள்ள நிலங்களுக்குத் தண்ணீரை நிறுத்தும் நாளையும் அறுவடை நாளையும் சேர்த்து முடிவு செய்தால், நடுவில் ஒருவர் நிலம் மட்டும் சேறாக இருக்கும் நிலை வராது. வாடகைக்கு வரும் யந்திரத்தாரிடம், இன்ன பக்கம் இறங்கவேண்டும், இன்ன இடத்தில் திரும்பவேண்டும், டிரெய்லர் வரப்பைத் தாண்டலாகாது என்ற நிபந்தனைகளை ஊர் சார்பில் சொன்னால் அவர் கேட்பார். தனியாளாகச் சொன்னால், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் அவர் அவசரத்தைச் சொல்வார். வேளாண்மைப் பொறியியல் துறையின் யந்திரங்களை உழவன் செயலி வழியாகப் பதிவு செய்பவர்களும் இதே நிபந்தனைகளை ஓட்டுநரிடம் முன்னதாகத் தெரிவிக்கலாம்.

அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் இதை ஒரு பொருளாக வைக்கலாம். தை அறுவடைக்கு அப்போது மூன்று மாதங்களுக்கு மேல் இருக்கும். எந்த வயலுக்கு எந்தப் பக்கம் வழி, எங்கே கொட்டுவது என்று ஒரு தாளில் வரைந்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவிடலாம். யந்திரம் வந்து நின்றபின் வரப்பில் நின்று இதைப் பேச நேரமிராது.